பதினெட்டிலா, ஒன்றிலா?

"பதினெட்டு," என்றான் கரண்டு. "அதுக்குக் கீழ எந்த எண்ணச் சொன்னாலும் நான் ஆட்டத்துக்கு வரல."

"ஒண்ணு," என்றாள் இன்ஜினியர். "நீ வரலன்னா உன் டீயையும் சேத்து நானே குடிச்சுக்கறேன். எனக்கென்ன நஷ்டம்?"

எல்லைப்புறத்தில் எங்கே படையை நிறுத்துவது என்று தளபதிகள் மோதிக்கொள்ளும் மூர்க்கத்தோடு, ஒரு மேசை விளையாட்டை எந்த நிலையில் தொடங்குவது என்று அந்தக் கப்பலின் உணவறையில் நான்கு பேர் மோதிக்கொண்டிருந்தார்கள்.

விளையாட்டு எளியது. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அக்கதைக்குள் புகுவார்கள். கதவை உடைப்பதா, காவலனை ஏமாற்றுவதா என்பதை ஆடுபவர் தீர்மானிப்பார். அது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும். பாத்திரத்தின் வலிமையை நிலைகளால் அளப்பார்கள். முதல் நிலைக்காரனை ஒரு பெருச்சாளி கடித்தே கொன்றுவிடலாம். இருபதாம் நிலையை எட்டியவன் மலையைப் பிளக்கலாம். இருபதோடு கதை முடியும்.

கதையை நடத்துபவர் சமையற்காரர். அடுப்படியில் கரண்டி பிடிக்கும் கையாலேயே அரசர்களை உண்டாக்கி அரக்கர்களை அழிப்பவர். இன்ஜினியர், எந்திர அறையைத் தனியொருத்தியாகத் தாங்கி நிற்பவள். கடைசல் எந்திரத்தில் பித்தளைத் துண்டைக் கடைந்து, அரத்தால் இருபது முகம் வைத்து அந்தப் பகடையைச் செய்தவளும் அவளே. கரண்டு என்பது மின்பணியாளனுக்கு மற்றவர்கள் வைத்த பெயர். இப்போது அவன் மனைவியைத் தவிர வேறெவரும் அவனது சொந்தப் பெயரைச் சொல்லி அழைப்பதில்லை. நான்காமவர், மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவரான சரங்கு. தலைவர் என்ற பட்டம் மிஞ்சியிருந்தது. தளத்து ஆட்களெல்லாம் எப்போதோ ஊர் போய்விட்டார்கள். கரண்டின் மனைவி சரங்கின் உடன்பிறந்த தங்கை. கப்பல் வேலையை அவனுக்கு வாங்கித் தந்தவரும் அவர்தான்.

"மச்சான், நீங்க சொல்லுங்க," என்றான் கரண்டு.

"மாப்ள சொல்றதுதான் எனக்கும். பதினெட்டு."

"தங்கச்சி புருஷன் சொன்னா ராத்திரியப் பகல்னு சொல்ற ஆளு," என்றாள் இன்ஜினியர். "இந்த ஓட்டு செல்லாது."

"ரெண்டு பேரும் சண்ட போடாதீங்க," என்றார் சமையற்காரர். "பத்துல ஆரம்பிப்போம். உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்."

"அண்ணே, இது குழம்புக்கு உப்பு போடற விஷயமில்ல, நடுவாந்திரமா போட்டு வைக்கறதுக்கு," என்றாள் இன்ஜினியர்.

இந்த எண்ணில் அப்படி என்ன இருந்தது? மற்ற மேசைகளில் வீரத்தால் நிலை உயரும். இந்த மேசையில் தண்ணீர்ப் படகால் உயர்ந்தது. பத்து நாளைக்கு ஒருமுறை குடிநீரும் மாவும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு துறைமுகத்திலிருந்து ஒரு படகு வரும். படகு வந்து போனால் எல்லாப் பாத்திரங்களுக்கும் ஒரு நிலை ஏறும். முதல் கதை ஒன்றில் தொடங்கியது. சமையற்காரரின் கடைசி அரக்கன் இருபதாம் நிலையில் சென்ற வாரம் செத்து விழுந்தான். அவர்களில் எவரும் அதைக் கொண்டாடவில்லை. அந்தக் கதை முடியும் முன் வீடு போய்ச் சேர்ந்துவிடுவோம் என்றுதான் அவர்கள் அதைத் தொடங்கியிருந்தார்கள்.

ஆகவே தொடக்க நிலை என்பது தீர்ப்பு. பதினெட்டில் தொடங்குவது, விரைவில் விடுதலை என்று சொல்வது. ஒன்றில் தொடங்குவது, இன்னும் இருபது படகுக்கு இங்கேதான் கிடப்போம் என்று தன் வாயாலேயே தனக்குத் தண்டனை வாசிப்பது. கரண்டின் மனைவிக்கு ஒன்பதாம் மாதம்; பிரசவத்துக்குள் இன்னும் இரண்டு படகு. இருபதிலிருந்து அந்த இரண்டைப் பின்னோக்கி எண்ணித்தான் அவன் பதினெட்டைக் கண்டுபிடித்திருந்தான்.

கப்பலின் முதலாளி திவாலாகி மறைந்துபோனார். துறைமுகம் கப்பலைப் பிடித்து வைத்தது, வழக்கு நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. கேப்டனோடு ஐந்து பேராவது இல்லாமல் கப்பல் நங்கூரத்தில் நிற்கக் கூடாது; மாற்றாள் வராமல் இருப்பவர் இறங்கக் கூடாது. மாற்றாளை அனுப்ப வேண்டியவரோ மறைந்துபோன முதலாளி! கப்பலைக் கைவிட்டவர் கரையில் உலவினார். கைவிடாதவர்கள் கடலில் அடைபட்டார்கள். இவர்களைக் கைதிகள் என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது கருணையாக இருந்திருக்கும். கைதிக்குத் தண்டனைக் காலம் என்று ஒன்று உண்டு. என்றைக்கு வெளியே என்று அவன் சுவரில் கோடு கிழித்துக்கொள்ளலாம். இவர்கள் எந்தச் சுவரில் கிழிப்பது?

நீரோட்டம் மாறும்போதெல்லாம் கப்பல் நங்கூரச் சங்கிலியைச் சுற்றித் திரும்பும். பாதி நாள் உணவறையின் வட்டச் சன்னலில் ஊர் தெரியும்: துறைமுகச் சுவரில் வந்து முடியும் ஒரு தெரு, மஞ்சள் கதவு போட்ட ஒரு கடை, திரும்ப இடமின்றி முன்னும் பின்னும் ஊர்ந்து திரும்பும் ஒரு பேருந்து. மறுபாதி நாள் அதே சன்னலில் வெறும் கடல். ஊர் தெரியும் வேளையில் பளுதூக்கிக்கு அருகே ஒரு மூலையில் மட்டும் கைப்பேசிக்கு உயிர் வரும். அன்று காலையும் கரண்டு அங்கே நின்று பேசியிருந்தான்.

"குழந்த உங்களப் பாத்து மாமான்னு கூப்பிடும், பரவால்லியா?" என்று கேட்டிருந்தாள் மனைவி. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். சிரிப்பு முடிவதற்குள் தொடர்பு அறுந்தது.

"பொய்க் கணக்கு போட்டு ஆடினா இருபது வர்ற அன்னிக்கு இதவிட வலிக்கும்," என்றாள் இன்ஜினியர். இப்போது அவள் குரலில் கேலி இல்லை. "போன தடவ நானும் நம்பினேன். இனிமே முடியாது. ஒண்ணுல ஆரம்பிச்சு, பாதியில விட்டுட்டுப் போனா சந்தோஷமாப் போகலாம்."

"உங்களுக்கு என்னக்கா, ஒண்ணுன்னு சொல்லிடுவீங்க. எனக்கு அது..." கரண்டு முடிக்கவில்லை. கதவு திறந்தது.

கேப்டன் நின்றார்.

கேப்டன் அந்த அறையில் உணவருந்துவதில்லை. மேலே தம் அறையில் தனியே உண்பார். துறைமுக முகவரோடு ரேடியோவில் பேசுகிற ஒரே மனிதரும் அவர்தான். ஐந்தே பேர் மிஞ்சிய கப்பலிலும் மேலே ஒருவர், கீழே நால்வர் என்று ஒரு படிக்கட்டு பிரித்து வைத்திருந்தது. பட்டினியும் தாகமும் பங்கு போட்டு வந்த பிறகும் அந்தப் படிக்கட்டு மட்டும் கரையவில்லை!

"நானும் ஆடலாமா?" என்று கேட்டார். தொப்பி இல்லை. சட்டையின் மேல்பொத்தான் கழன்றிருந்தது. "சும்மா மேலேயே உக்காந்துட்டு இருக்கேன். பைத்தியம் பிடிச்சிரும் போல."

நால்வரும் எழுந்துவிட்டார்கள். சமையற்காரர்தான் முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டார். "தாராளமா உக்காருங்க சார். இப்பதான் எந்த நிலையில ஆரம்பிக்கறதுன்னு பேசிட்டிருக்கோம். ஒண்ணுலேர்ந்து இருபது வரைக்கும் இருக்கு. நீங்களே சொல்லுங்களேன்."

கேப்டன் புன்னகைக்க முயன்றார்.

"நான் என்ன, ஒண்ணுதான். ஒண்ணுலேர்ந்துதானே ஆரம்பிக்கணும்?"

ரேடியோவில் பேசுபவர், முகவரின் சொல்லை முதலில் கேட்பவர், அவர் வாயாலேயே ஒன்று! கரண்டு கேப்டனின் முகத்தைப் பார்த்தான்; பிறகு மச்சானின் முகத்தை. நாற்காலி பின்னால் சாய்ந்து விழ, வெளியே போனான்.

"என்னாச்சு?" என்றார் கேப்டன். "நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

சரங்கும் எழுந்து கரண்டின் பின்னால் போனார்.

மேல்தளம் வெயிலில் கொதித்தது. கரண்டு பின்புறக் கைப்பிடிக் கம்பிகளின் அருகே குந்தியிருந்தான். உயிர்காப்புச் சட்டை அணிந்திருந்தான். மாற்றுத் துணியையும் கைப்பேசியையும் ஒரு நெகிழிப் பையில் போட்டு, மின்கம்பிக்குச் சுற்றும் கறுப்பு நாடாவை அதன்மேல் சுற்றிக்கொண்டிருந்தான். வேலையில் காட்டும் அதே நேர்த்தி. ஒரு சுற்றின் மேல் பாதிச் சுற்று ஏறியிருந்தது.

"எங்க மாப்ள கிளம்பிட்டீங்க?"

"தெரு தெரியுது மச்சான். ஆளு நடக்கறது தெரியுது. அவ்வளவுதான் தூரம்."

"கரையேறினதும் பிடிச்சு உள்ள போட்டுருவாங்க."

"உள்ள போட்டா எத்தன நாள்னு சொல்லிட்டுதானே போடுவாங்க?"

கப்பல் வேலைக்கு அவனை இழுத்து வந்த கை தம்முடையது என்பது சரங்கின் நினைவில் குத்தியது. ஓரத்தில் கிடந்த காலி வண்ணப்பூச்சு டப்பாவை எடுத்து மூடியை அழுத்தி மூடினார். கம்பிக்கு வெளியே எறிந்தார்.

"பாருங்க."

டப்பா மிதந்தது. ஒரு கணம் கப்பலின் பக்கவாட்டில் தயங்கியது. பிறகு ஊருக்கு முதுகைக் காட்டிவிட்டு, யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோலக் கடலை நோக்கி ஓடியது. அது சிறு வெள்ளைப் புள்ளியாகி மறையும் வரை கரண்டு பார்த்தான். நாடாவைச் சுற்றிய கை நின்றுவிட்டது.

"தண்ணி திரும்பட்டும்னு காத்திருந்தா?"

"தண்ணி திரும்பும். எப்ப திரும்பும்னு உங்களவிட எனக்குத் தெரியும். பாதி வழியில மறுபடியும் திரும்பும். நீங்க நீந்தப் பாத்தது என் தங்கச்சிக்குத் தெரிய வேணாம். எந்திரிங்க. அவர் என்னத்த மறைக்கறாருன்னு நேரா கேட்போம். ஒண்ணுன்னு சொன்ன வாயி, ஏன்னு சொல்லட்டும்."

அவர்கள் உணவறைக்குத் திரும்பினார்கள். ஒன்று என்ற சொல்லுக்கு அந்த மேசையில் என்ன பொருள் என்பதைச் சமையற்காரர் இதற்குள் கேப்டனுக்கு விளக்கியிருந்தார். கேப்டன் இரு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்து, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், முகவர் என்ன சொன்னார்?" சரங்கு நின்றுகொண்டே கேட்டார். அவர் கேப்டனிடம் குரல் உயர்த்தியது அதுவே முதல்முறை.

"ஒண்ணும் சொல்லலய்யா. வழக்குப் பத்தி ஒண்ணுமே சொல்லல. ஆட்டம் தெரியாதவன், முதல்லேர்ந்து கத்துக்கறேன்னு சொன்னேன். நீங்க படகெண்ணி ஆடறது எனக்கெப்படித் தெரியும்? நான் என்னிக்கு இங்க வந்து உக்காந்திருக்கேன்?"

கரண்டின் தோள்கள் தளர்ந்தன. ஆனால் இன்ஜினியரின் கண்கள் கேப்டனை விடவில்லை.

"வழக்குப் பத்தி ஒண்ணும் சொல்லல. சரி. வேற எதப் பத்தி சொன்னாங்க?"

கேப்டன் விரித்து வைத்த கைகளை மடக்கிக்கொண்டார்.

"ஒருத்தர் போகலாம்."

நால்வரும் மேசையை நெருங்கினார்கள்.

"நாலு பேர் இருந்தா போதும்னு துறைமுகத்துல விதிய மாத்திட்டாங்க. அஞ்சுல ஒருத்தர் அடுத்த படகுல இறங்கலாம். போன படகு வந்தப்பவே சொல்லிட்டாங்க. ஆனா இருக்கறது அந்த ஒரே இடம்தான், அதுல ஒருத்தர் போயிட்டா மிச்ச நாலு பேரும் கணக்குல பூட்டு. அதுக்கப்புறம் யாருக்கு என்ன ஆனாலும், அம்மாவே செத்தாலும், வழக்கு முடியற வரைக்கும் யாரும் இறங்க முடியாது. இத எப்படி வந்து சொல்றது? யாரப் பாத்து நீ போன்னு சொல்றது?" அவர் நிறுத்தினார். "முதல்ல என் பையத்தான் கட்டினேன். கட்டி, கதவுக்குப் பக்கத்துல வச்சு, அதையே பாத்துட்டு இருந்தேன். அப்புறம் பிரிச்சேன். அப்புறம் இங்க வந்தேன்."

ஓர் ஆளை விடுவித்து, அவன் இறங்கும் ஏணியாலேயே மற்ற நால்வரின் வாயிலையும் அடைக்கும் விதி! எத்தகைய மூளை இதை வகுத்தது! அடிமைகளை அடிமைகளைக் கொண்டே கட்டும் கயிறு உலகத்தில் புதிதல்ல. இங்கே அதற்குச் சலுகை என்று பெயர் சூட்டியிருந்தார்கள்.

"கரண்டு போகட்டும்," என்றார் கேப்டன். "இது என் உத்தரவு."

"உத்தரவு போடாதீங்க," என்றாள் இன்ஜினியர். "பூட்டு எங்க மேல விழுது. எங்களக் கேளுங்க. ஒவ்வொருத்தரையும் கேளுங்க."

கேப்டன் தலை நிமிர்ந்தார். ஒரு கணம் அந்தப் படிக்கட்டு அவர் முகத்தில் ஏறி நின்றது. பிறகு இறங்கியது. "சரி. நீங்க சொல்லுங்க, சமையல்."

"எனக்கு வீட்டுல யாரிருக்கா சார்? அவன் போகட்டும். உருளைக்கிழங்கு மிச்சம்."

"சரங்கு?"

சரங்கு கரண்டைப் பார்க்கவில்லை. வட்டச் சன்னலைப் பார்த்தார். அதில் ஊர் நழுவிக் கடல் வந்துகொண்டிருந்தது. இதுவரை பதினெட்டு, பதினெட்டு என்று மாப்பிள்ளையோடு சேர்ந்து கத்தியபோதெல்லாம், பதினெட்டில் தாமும் இறங்குவதாகத்தான் அவர் நினைத்திருந்தார். இப்போது அந்த எண்ணை மாப்பிள்ளைக்கு மட்டும் கொடுத்துவிட்டுத் தாம் பின்தங்கச் சொன்னார்கள்.

"என் தங்கச்சிக்காக யாரும் இரக்கப்பட வேணாம். ஆனா எனக்குச் சம்மதம்," என்றார். சற்றுப் பொறுத்து, "சம்மதம்னு சொல்லிட்டேன்ல? திரும்பக் கேக்காதீங்க," என்றார்.

"மச்சான்..." என்று தொடங்கினான் கரண்டு.

"நீங்க பேசாதீங்க மாப்ள. நீங்க பேசினா நான் மாத்திச் சொல்லிருவேன்."

எஞ்சியவள் இன்ஜினியர். அவள் முடியாது என்றிருந்தால் கப்பலில் எவரும் அவளைக் குறை சொல்லியிருக்க முடியாது. மின்பணியாளன் போய்விட்டால் தேய்ந்துபோன ஜெனரேட்டரும் நூறு கம்பிகளும் அவள் தலையில். அவளுக்கும் ஒரு வீடு இருந்தது. அந்த வீட்டைப் பற்றி அவள் பேசியதில்லை, மற்றவர்களும் கேட்டதில்லை. பேசாதவர்களின் துயரம் எந்தப் பங்கீட்டிலும் சேர்வதில்லை. அவள் பகடையைக் கையிலெடுத்து அதன் முகங்களைக் கட்டைவிரலால் தடவினாள்.

"படகு வர்றதுக்குள்ள எல்லா வயரிங்கையும் எனக்குக் காட்டிட்டுப் போகணும்," என்றாள். "எந்தக் கம்பிய நீ எங்க ஒளிச்சு வச்சிருக்கன்னு கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு ஆயுசு ஆகும். திருட்டுப் பய வேலையால்ல பண்ணி வச்சிருக்க."

"காட்டறேன்கா."

"அழாத. ஷார்ட் சர்க்யூட் ஆயிரும்."

தண்ணீர்ப் படகு வருவதற்குள் அவர்கள் இருவரும் எந்திர அறையிலேயே கிடந்தார்கள். அவன் ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுச் சொல்ல, அவள் சுண்ணக்கட்டியால் சுவரில் குறியிட்டாள். படகு வந்த அன்று காலை, சரங்கு கயிற்றேணியை இறக்கினார். முடிச்சுகளை அவர் சரிபார்த்த நேரம், அந்த வேலைக்குத் தேவையானதைவிட நீண்டது.

"இறங்கும்போது மேல பாக்காதீங்க. கால் வழுக்கும்."

"சரி மச்சான்."

"தங்கச்சிகிட்ட நான் நல்லா இருக்கேன்னு சொல்லுங்க. ஒரே தடவ சொல்லுங்க. ரெண்டு தடவ சொன்னா நம்ப மாட்டா."

கரண்டு இறங்கினான். மேலே பார்க்கவில்லை. படகு விலகும்போதும் அவன் முதுகுதான் தெரிந்தது. அது குலுங்கியது இயந்திரத்தின் அதிர்வாலா என்று மேலே நின்ற எவராலும் சொல்ல முடியவில்லை. படகு சுவரை அடைந்தது. மஞ்சள் கதவைக் கடந்து ஓர் ஆள் நடந்தான். அது அவன்தானா என்று தொலைநோக்கியில் பார்ப்பதற்குள் கப்பல் திரும்பிவிட்டது.

பிற்பகலில் நால்வரும் மேசைக்கு வந்தார்கள். சமையற்காரர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"எதுல?"

இன்ஜினியர் வாயைத் திறக்கவில்லை. வென்ற வாதத்தை வெல்லாமல் விட்டுவைக்கும் கண்ணியம் அவளுக்கு இருந்தது.

"ஒண்ணு," என்றார் சரங்கு.

கதை தொடங்கியது. சரங்கின் பாத்திரம் ஒரு வாள்வீரன். கேப்டனின் பாத்திரம் ஒரு மூலிகை மருத்துவர். இன்ஜினியர் எப்போதும்போல ஒரு திருடி. முதல் நிலைக்காரர்களுக்கே உரிய கதியில், பாழடைந்த மாளிகையின் நிலவறையில் நுழைந்ததுமே வாள்வீரன் பலகை முறிந்து ஆழக் குழியொன்றில் விழுந்தான். பித்தளைப் பகடை மேசையில் பள்ளம் பதித்து உருண்டு நின்றது. இரண்டு.

"கால் ஒடஞ்சிருச்சு," என்று அறிவித்தார் சமையற்காரர். "குழியில தண்ணி ஊறுது. சுவர் வழுக்குது. திருடி வெளிய காவல்ல நிக்கறா, அவளுக்கு எதுவும் கேக்காது. சார், நீங்க மட்டும் விளிம்புல நிக்கறீங்க. பின்னால கதவு தெறந்திருக்கு. என்ன செய்யறீங்க?"

கேப்டன் தமக்கு முன்னிருந்த வெற்று மேசையை, அங்கே உண்மையில் ஒரு குழி இருப்பதுபோலக் குனிந்து பார்த்தார்.

"கதவு வழியா நான் வெளிய போகலாமா?"

"போகலாம். ஆட்டத்துல தடையில்ல."

"என்கிட்ட கயிறு இருக்கா?"

"முதல் நிலை சார். உங்ககிட்ட ரெண்டு வேரும் ஒரு கிண்ணமும்தான் இருக்கு."

சரங்கு தலை தூக்கவில்லை. விழுந்த பகடையை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். எந்திர அறையில் ஜெனரேட்டர் ஒருமுறை திணறிப் பிறகு சீரானது. இன்ஜினியர் எழுந்து காதைத் தீட்டிக் கேட்டுவிட்டு மறுபடி அமர்ந்தாள்.

"குதிக்கறேன்," என்றார் கேப்டன்.

"சார், குதிச்சா உங்களாலயும் மேல வர முடியாது."

"தெரியும். காலக் கட்டிவிட ஆள் வேணும்ல?" அவர் பகடையைச் சரங்கின் முன்னிருந்து எடுத்துக்கொண்டார். "உருட்டட்டுமா?"